சுருட்டை முடி சொன்னபடி கேட்க...

"பரட்டைத் தலை" என்ற கேலிக்குப் பயந்து, சுருட்டை முடியைச் சூடு வைத்து நீட்டிக்கொள்ளும் பெண்கள் உண்டு. சூடு முடியைக் கெடுக்கும். அது தேவையே இல்லை!

பரட்டையாவது ஏன்?

தலையில் சுரக்கும் எண்ணெய், வளைந்த முடியின் நுனி வரை எளிதில் போவதில்லை. அதனால் முடி வறண்டு பறக்கிறது.

எதை வாங்கலாம்?

மெல்லிய முடியா? ஜெல் மட்டும் போதும். கிரீம் தடவினால் பாரத்தில் சுருள் தொங்கிவிடும்.

தடித்த முடியா? முதலில் கிரீம், அதன் மேல் ஜெல். கிரீம் வறட்சியைப் போக்கும். ஜெல் சுருளைப் பிடித்து நிறுத்தும்.

ஈரத் தலையில் தடவுங்கள். காயும் வரை தொடாதீர்கள். காய்ந்ததும் முடி விறைப்பாக இருக்கும். பயம் வேண்டாம்! கையால் மெல்லக் கசக்கினால் மிருதுவாகிவிடும்.

வீட்டிலேயே ஜெல்

கால் கப் ஆளி விதையை 2 கப் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். கொழகொழப்பானதும், சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறியதும் தடவலாம். செலவும் குறைவு!