ரப்பருக்கும் வயதாகும்

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து 1998இல் லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆலையில் இன்று சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. அங்கே பிறந்த லான்சர்களில் சில இருபது வயதைத் தாண்டியும் ஓடுகின்றன. அந்த வயதுக் கார்களைப் பாருங்கள்: எஞ்சின் திடமாக இருக்கும், பாடி பெரும்பாலும் கெட்டிருக்காது. ஆனால் மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். வேகம் எடுத்தால் கதவோரம் காற்று விசிலடிக்கும். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும். ‘இனி செலவு செய்வது வீண்’ என்று காயலான் கடைக்கு விலை பேசத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். இந்த மூன்று கோளாறுகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ரப்பருக்கு வயதாகிவிட்டது.

கதவு பீடிங், டிக்கி பீடிங், ஆயில் சீல், டேப்பட் கவர் பேக்கிங், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் கப், பெட்ரோல் ஹோஸ், ஆக்சில் பூட் என்று ஒரு காரில் ரப்பர் இல்லாத மூலை குறைவு. இரண்டு உலோகப் பாகங்கள் சந்திக்கும் இடத்தில் தண்ணீரையோ எண்ணெயையோ காற்றையோ தடுத்து நிற்பது அதுதான்.

விறைப்பது ஏன்?

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைத்த நெகிழ்வு பெறுவதைக் கண்டார். 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன. இழுத்த ரப்பர், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்புவது அந்தப் பாலங்களால்தான்.

வல்கனைசிங் எனப்படும் அந்த வேதிவினைக்கு ஒப்பான ஒன்று காரிலும் மெல்லத் தொடர்கிறது. எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளைத் தாக்குகிறது. தேவைக்கு மேல் புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெயும் நாளடைவில் வெளியேறிவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காரின் பீடிங் சீக்கிரம் விறைப்பது இதனால்தான்.

இன்னொரு எதிரி ஓசோன். வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரைமட்டத்தில் வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிவதால் உருவாகிறது. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றை வளைத்து, வெளிப்புற வளைவைக் கவனியுங்கள். இழுபடும் திசைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்புகள் தெரியும். இழுபடாத உட்புறத்தில் அவை இருக்காது. இயற்கை ரப்பரின் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்கிறது. இழுவிசை அந்த அறுப்பைப் பிளந்து பெரிதாக்குகிறது.

மூன்றாவது, அழுத்தம். ஆண்டுக்கணக்காக நசுங்கிக் கிடந்த பீடிங், கதவைத் திறந்தாலும் உப்பி எழுவதில்லை. பார்வைக்கு வெடிப்பு ஏதும் இல்லாமலே அது வேலையை நிறுத்திவிட்டிருக்கும்.

கும்மிடிப்பூண்டியின் கறுப்பு

ரப்பரின் கறுப்பு நிறம் அழகுக்காக வந்ததில்லை. கன எண்ணெயைப் போதிய காற்றின்றி எரித்தால் கிடைக்கும் நுண்கரி, ‘கார்பன் பிளாக்’, அதில் கலந்திருக்கிறது. அதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்குதான் இருக்கும். அந்தத் துகள்கள் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ரப்பரின் தேய்மானத் தாங்குதிறனைப் பல மடங்கு உயர்த்துகின்றன. புற ஊதாக் கதிரை விழுங்கி உள்பகுதியைக் காக்கின்றன.

இந்தப் பொருளுக்கு நம் திருவள்ளூர் மாவட்டமே ஒரு முக்கிய மையம். கும்மிடிப்பூண்டியில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கார்பன் பிளாக் ஆலை இயங்குகிறது. தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் பி.சி.பி.எல். நிறுவனத்தின் ஆலை 2023இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலையும் இருக்கிறது. ரப்பரின் ஆயுளைக் கூட்டும் மூலப்பொருளை உருவாக்கும் ஊரில், பத்து ரூபாய் ஓ-ரிங் போனதற்காகக் காரையே கழித்துக்கட்டுவது நியாயமில்லை.

எல்லா ரப்பரும் ஒன்றல்ல

மாற்றும்போது நேரும் பெரிய தவறு, அளவை மட்டும் பார்த்து வாங்குவது. கதவு, டிக்கி பீடிங்குகளுக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரே ஏற்றது. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனும் வெயிலும் எளிதில் அண்டுவதில்லை. ஆனால் பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ பட்டால் அது ஊதிவிடும். ஆயில் படும் இடங்களில் நைட்ரைல் ரப்பர் தாங்கும். அதற்கு ஏறத்தாழ 100 டிகிரி வரைதான் வசதி. 200 டிகிரியை நெருங்கும் இடங்களுக்கு ஃபுளூரோ ரப்பர் வேண்டும்.

பிரேக் விஷயத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் அல்ல, கிளைக்கால் வகை. பிரேக் கப்புகள் அதற்கேற்ற ரப்பரால் ஆனவை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ அதில் ஊற்றினால் கப்புகள் ஊதிப் பிரேக்கே வேலை செய்யாமல் போகலாம். பிரேக் கப் கிட் மாற்றும்போது கிரீஸ் தடவுவதும் கூடாது. புதிய பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தினால் போதும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டிகள் அதில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் தெரிவித்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள இடம் அது.

மாற்றுவது எப்படி?

பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். பிடித்து நின்றால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் உயிரிழந்துவிட்டது. பழையதை உருவி, ஒட்டியிருக்கும் பசையையும் துருவையும் சுத்தம் செய்யுங்கள். அடிப்பகுதியில் தொடங்கி மூலைகளை முதலில் உட்கார வைத்து, பிறகு நேர்ப்பகுதிகளை அழுத்துங்கள். இழுத்துப் பிடித்துப் பொருத்தினால் சில மாதங்களில் சுருங்கி, சேரும் இடத்தில் வாய் பிளக்கும். சில நாட்கள் கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கும், அது இயல்பு.

அம்பாசடர் போன்ற வண்டிகளின் முன்கண்ணாடி ரப்பரை மாற்றுவது கைத்தேர்ச்சி கேட்கும் வேலை. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிறைச் சுற்றி, நுனிகளைக் காருக்குள் விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிறை மெல்ல இழுப்பார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறி உட்காரும்.

ஆயில் சீலில் கவனிக்க வேண்டியது வேறு. அதன் மெல்லிய உதடு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான ஆயில் படலத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதுபோல, தூசி படிந்த அந்த ரப்பர் உதடு எஃகுத் தண்டிலேயே பள்ளம் போட்டுவிடும். நகம் தடுக்கும் அளவு பள்ளம் இருந்தால், புதிய சீல் அதே இடத்தில் அமரக் கூடாது. சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது தண்டின்மேல் மெல்லிய உறை போட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் மட்டும் நீலப்புகை வந்து நின்றால், எஞ்சினையே பிரிக்க ஒப்புக்கொள்ளும் முன் வால்வு சீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உதிரிப்பாகம் நின்றுபோன கார்களுக்கும் வழியுண்டு. பழைய பீடிங்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சென்றால், அதே குறுக்குவெட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கழித்த காரிலிருந்து கியர்பாக்ஸ் வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். ஓடாமல் கிடந்த வண்டியிலும் அதற்கு அதே வயது ஏறியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். உள்ளே புகும் மழைநீர்தான் தரைத்தகட்டைத் துருவாக்கி, சில ஆயிரம் ரூபாய் வேலையைப் பல்லாயிரம் ரூபாய் டிங்கரிங்காக மாற்றுகிறது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பீடிங்கில் சிக்கனம் பார்க்கலாம். பிரேக் கிட்டிலும் பெட்ரோல் ஹோஸிலும் பார்க்கவே கூடாது.