மணி அடிக்குது... கவனிங்க சார்!

ஆபீஸில் தலைவலி என்றால் பக்கத்து ஸீட்காரரிடம் மாத்திரை கேட்போம். வயிற்றுவலி என்றால் கேன்டீன் சாம்பாரைத் திட்டுவோம். ஆனால், படுக்கையறையில் 'அந்த' விஷயம் மக்கர் பண்ணினால்? மூச்! 'இன்னிக்கு வேலை ஜாஸ்தி' என்று திரும்பிப் படுத்துக்கொள்வோம். மிஞ்சிப்போனால், பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியில் பார்த்த லாட்ஜ் வைத்தியரைத் தேடி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவோம்.

அங்கேதான் தப்பு! இது வெறும் கட்டில் சமாசாரம் இல்லை சார்... நெஞ்சுக்குள் நடக்கிற சமாசாரமாகவும் இருக்கலாம்.

எப்படி? விறைப்பு என்பதே ரத்த ஓட்டத்தின் வேலைதான். ஆசை வந்ததும் நரம்புகளும் ரத்தக்குழாய்ச் சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. குழாய் விரிகிறது; ரத்தம் பாய்கிறது. (உடம்புக்குள் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-ல் நோபல் பரிசே கிடைத்தது!) சர்க்கரை, பி.பி., கொழுப்பு, சிகரெட்... இந்த நாலு பேரும் கை வைப்பது அந்தக் குழாய்ச் சுவரில்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் 3 முதல் 4. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் முதலில் அடைபடுவது சின்னப் பைப்தானே? அதே கதைதான்! விறைப்புக் கோளாறு தலைகாட்டி, இரண்டு முதல் ஐந்து வருடத்தில் நெஞ்சுவலி வந்தவர்கள் நிறையப் பேர்.

'எனக்கு மட்டும்தான் இப்படியோ?' என்று குமைய வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர்ப்பகுதியில் 40 முதல் 70 வயதுள்ள 1,290 ஆண்களிடம் கேட்டார்கள். 1994-ல் முடிவு வெளியானது. 52 சதவிகிதம் பேருக்குக் கொஞ்சமோ அதிகமோ இந்தப் பிரச்னை! பிரிட்டனில் மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும் 'க்யூரிஸ்க்-3' முறையில் 2017-ல் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

நல்ல சேதியும் உண்டு. இத்தாலிய டாக்டர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இது. இந்தக் கோளாறு இருந்த 110 குண்டு ஆசாமிகளில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி என்று விடாமல் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அந்த 55 பேரில் 17 பேர் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். வெறும் அறிவுரையோடு அனுப்பப்பட்ட மற்ற 55 பேரில்? மூன்றே பேர்!

புது மாப்பிள்ளைகளே, ஒரு நாள் சொதப்பினால் பதறாதீர்கள். டென்ஷன், தூக்கமின்மைகூடக் காரணமாக இருக்கும். ஆனால், மாசக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் வயாக்ராவும் போட்டுக்கொண்டால், பி.பி. தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து!

டாக்டர் எடுத்த எடுப்பில் கையில் பி.பி. பட்டையைச் சுற்றி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், 'நாம சொன்னது என்ன, இவர் பார்க்கிறது என்ன?' என்று முழிக்காதீர்கள்.

அவர் சரியான இடத்தில்தான் தேடுகிறார்!