வியப்புக்குறியும் கலையும்

எழுத்தினிடையே நிற்கும் குறிகளுள், ஓசையின்றியே உரக்கப் பேசுவது வியப்புக்குறி. அதனை உணர்ச்சிக்குறி என்றும், மெய்ப்பாட்டுக்குறி என்றும் வழங்குவாருமுளர். வாக்கியத்தின் இறுதியில் நிற்றற்கெனத் தோன்றிய இச்சிறு குறி, இன்று சிற்பியர்க்கும் விளம்பரம் வரைவோர்க்கும் வீதிக்குறி அமைப்போர்க்கும் கருப்பொருளாய் விளங்குகின்றது. அஃது எவ்வாறாயிற்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இக்குறி தமிழுக்கு விருந்தாக வந்தது. பனையோலையில் எழுத்தாணி கொண்டெழுதிய நம் முன்னோர், ஏடு கிழியுமென அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் இடாது விடுத்தனர். உணர்ச்சியைப் புலப்படுத்த அவர்க்கு 'அம்ம', 'என்னே', 'அந்தோ' முதலிய சொற்களே போதியனவாயின. மேனாட்டிலோ 14ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞரிடையே வியப்புக்கெனத் தனிக்குறி வழங்கிற்று. அச்சுக்கலையோடு அது கீழ்நாடு புகுந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைச் செவ்விதின் ஆண்டு நிலைபெறச் செய்தோருள் நல்லைநகர் ஆறுமுக நாவலர் (1822–1879) தலைசிறந்தவராவர்.

இனி அதன் வடிவத்தை நோக்குவோம். மேலே தடித்துக் கீழே குறுகிவரும் ஒரு கோடு. அதன் கீழ்ச் சிறிது வெற்றிடம். அதன் கீழ் ஒரு புள்ளி. உறுப்புக்கள் இவ்வளவே. கோட்டின் வழியே கீழ்நோக்கி விரையும் கண், வெற்றிடத்திலே தடைப்பட்டுப் புள்ளியிலே நிலைகொள்கின்றது. விரைவும் தடையும் அமைதியும் ஓருருவில் அமைந்தமையாற் கலைஞர் இதனை விரும்பினர் எனலாம். வெற்றிடத்தை நீக்கின் அது வெறுங்கோடாகிவிடும். ஆதலின் மையிட்ட இடத்தைப் போலவே மையிடாத இடமும் அதற்கு உயிராகும்.

வியப்பாகிய மருட்கை நான்கு காரணங்களாற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. முன் காணாத புதுமை, அளவிற் பெருமை, நுண்ணிய சிறுமை, ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கம் என்பன அவை. இந்நான்கும் வியப்புக்குறியைக் கையாண்ட கலைஞர் செயலிலும் காணப்படுதல் நோக்கத்தக்கது.

புதுமை: யாகூ எனும் இணைய நிறுவனம் தன் பெயரின் இறுதியில் இக்குறியை உடையது. 2013இல் தன் சின்னத்தைத் திருத்தியபொழுது அக்குறியை 9 பாகை சாய்த்தது, 2019இல் 22.5 பாகை சாய்த்தது. நிமிர்ந்து நின்ற குறி சாய்ந்தவளவிலே, கண்டித்து நிற்பவர் குறும்புடன் தலைசாய்த்தாற் போன்றதொரு தோற்றம் உண்டாயிற்று.

பெருமை: அமெரிக்கச் சிற்பியாகிய றிச்சாட் ஆட்ஸ்வேகர் (1923–2013), 2008இல் ஏறத்தாழ ஓராள் உயரமுள்ள வியப்புக்குறியொன்றை மரத்தால் அமைத்து, தூரிகை மயிர் போன்ற பிளாஸ்டிக் நார்களால் அதனைப் போர்த்து, பசுமை கலந்த மஞ்சள் நிறம் ஊட்டினார். தாளில் ஒரு கணத்திற் கடந்துபோகும் குறியை, சுற்றிவந்து காணவேண்டிய பொருளாக்கியதே அவர் செய்த விந்தை.

சிறுமை: பழைய தட்டெழுத்துப் பொறிகள் பலவற்றில் இக்குறிக்குத் தனி விசை இருந்ததில்லை. ஒற்றை மேற்கோட்குறியை அடித்து, ஓரெழுத்துப் பின்வாங்கி, அதன் கீழ் முற்றுப்புள்ளி இட்டு அதனை ஆக்கினர். இரு சிறு துணுக்குகள் சேர்ந்து பேருணர்ச்சியொன்றைத் தாங்கின.

ஆக்கம்: 1962இல் மாட்டின் ஸ்பெக்ரர் எனும் அமெரிக்க விளம்பரத் துறையாளர், வினாக்குறியையும் வியப்புக்குறியையும் ஒன்றன்மேலொன்றாய்ப் பொருத்தி 'இன்ரறோபாங்' எனும் புதுக்குறியை வகுத்தார். 1966இல் அச்செழுத்து வகையொன்றிலும், 1968இல் றெமிங்ரன் தட்டெழுத்துப் பொறியிலும் அது இடம்பெற்றது; எனினும் பொது வழக்கில் நிலைக்கவில்லை. 1988இல் கோட்டி நிறுவனம் வெளியிட்ட வாசனைத் தைலமொன்றின் குப்பியே வியப்புக்குறி வடிவாயிற்று.

அழகுக்கு மாத்திரமன்றி உயிர்க்காவலுக்கும் இவ்வடிவம் உதவுகின்றது. வீதிக்குறிகள் பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தனிச்சின்னம் வகுக்கப்படாத ஏனைய அபாயங்களை உணர்த்த முக்கோணத்துள் வியப்புக்குறியை விதித்தது. எம்மொழியினரும் அதனைக் கண்டவளவில் வேகத்தைத் தணிப்பர். ஆயின் அடிதோறும் அக்குறியை நாட்டினால் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தார். மெய்யான அபாயம் வந்துற்றபொழுது எச்சரிக்கை பயனின்றிப் போம்.

மாணவர் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. இக்காலத்துக் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் வரிதோறும் மூன்றும் நான்குமாக வியப்புக்குறிகள் மலிகின்றன. கூறும் பொருளில் புதுமையோ பெருமையோ இல்லாவிடத்து, குறிகளை அடுக்குவதால் வியப்புப் பிறவாது. மேற்காட்டிய கலைஞர் யாவரும் ஒரு குறியையே எடுத்து, அதற்குரிய வெளியை நல்கி, அதனையே பேசவிட்டனர். எழுதுவோரும் அவ்வாறே சொல்லிலும் பொருளிலும் முதலில் வியப்பை அமைத்துக்கொள்க. குறி வேண்டுமிடத்து ஒன்றே சாலும்.