கிராம்பு போடாமலே கிராம்பு மணக்கும் பியர்

முதல் மிடறிலேயே பல் கூசும். பச்சைப் புளியங்காயைக் கடித்தது போலக் கண் தானாகச் சுருங்கும். புளிப்பு விலகியதும் செர்ரிப் பழத்தின் மணம் எழும். அதன் பின்னால் பாதாம், கொஞ்சம் கிராம்பு. கடைசியில் மூக்கில் நிற்பது பழைய தோல், வைக்கோல், குதிரை லாயம். இனிப்பு மட்டும் துளியும் இருக்காது. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் கிரீக் பியர் இது. இதில் பழம் உண்டு, மசாலா எதுவும் கிடையாது.

அப்படியானால் கிராம்பு எங்கிருந்து வந்தது?

கிரீக்கின் அடிப்படை லாம்பிக் என்னும் பியர். முளைகட்டிய பார்லி ஏறத்தாழ இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. கசப்பு போகும்வரை பழையதாக்கிய ஹாப் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தச் சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஓர் இரவு திறந்தபடி ஆறவிடுகிறார்கள். 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் இந்தச் செம்புத் தொட்டி கூரைக்கு அடியிலேயே இருக்கிறது. குளிர் மாதங்களில் மட்டுமே இந்த வேலை. வெயில் காலக் காற்றில் கெடுக்கும் கிருமிகள் அதிகம். இட்லி மாவைப் போலவே இதற்கும் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றில் வருபவையும் பீப்பாய் மரத்தில் குடியிருப்பவையும் போதும். ஆலையில் சிலந்தி வலைகளைக்கூடக் கலைப்பதில்லை. பழத்துக்கு வரும் ஈக்களை அவைதானே பிடிக்கின்றன!

பீப்பாய்க்குள் நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. முதல் சில வாரம் குடல்வகை பாக்டீரியாக்கள் பெருகும். பிறகு சாதாரண ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். அது ஓய்ந்ததும் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா வந்து லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். புளிப்பு அதன் வேலை. அந்தக் கட்டத்தில் பியர் கொழகொழத்து நூல் விடுவதும் உண்டு. பார்த்தால் கெட்டுவிட்டது என்றே தோன்றும். ஆனால் அடுத்து வரும் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் அந்தக் கொழகொழப்பைக் கரைத்துவிடும். மற்ற ஈஸ்ட்டுகள் தொடமுடியாத சர்க்கரையையும் அது தின்று தீர்க்கும். தானிய உமியிலுள்ள ஃபெரூலிக் அமிலம் படிப்படியாக மாறி, இதன் கைவண்ணத்தால் 4-எத்தில்குவாயகால் ஆகிறது. நாம் தேடிய கிராம்பு மணம் அதுதான். உடன் உண்டாகும் 4-எத்தில்ஃபீனால்தான் குதிரை லாயம். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் இந்த ஈஸ்ட்டை 1904இல் அறிவித்தார். ஆங்கிலேய பியர்களில் கண்டதால், 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

முதிர்ந்த லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு போடுகிறார்கள், லிட்டருக்குச் சுமார் 200 கிராம். பழச் சர்க்கரையால் நொதித்தல் மறுபடி தொடங்கி, அந்த இனிப்பும் கரைந்துபோகும். மணமும் நிறமும் மிஞ்சும். பாதாம் வாசனை கொட்டையிலிருந்து வரும் பென்சால்டிஹைடு. ஸ்கார்பேக் என்ற உள்ளூர்ச் செர்ரி இதற்குப் பெயர்பெற்றது. இன்று அது அரிது.

கடைகளில் கிரீக் என்று விற்பவற்றில் பல, பின்னர் இனிப்பூட்டியவை. அவற்றில் செர்ரி மிட்டாய்தான் தெரியும், நுண்ணுயிர்களின் உழைப்பு தெரியாது. சுவைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் 'அவ்டே கிரீக்' என்ற பெயர் அச்சிட்ட புட்டியைத் தேடுங்கள். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் காக்கும் பெயர் அது.