கணவாய் பிரித்த தவளைகள்

மழைக்கால இரவில் நீலகிரியின் சோலைக்காட்டு ஓடைகளை அணுகுவோர் தவளைகளின் ஒலியை முதலில் கேட்பர். விளக்கொளியில் தேடினால், விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள் கொண்ட மரத்தவளைகள் ஓடையோரத்து இலைகளில் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒன்று பச்சை, மற்றொன்று பழுப்பு. உடற்புள்ளிகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. இவை ஒரே சிற்றினமா, பலவா?

சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1853இல் இம்மலைத் தவளைக்கு ‘வேரியாபிலிஸ்’ என்று பெயரிட்டார். ‘மாறும் இயல்புடையது’ என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். நிறத்தை மட்டும் நம்பிச் சிற்றினங்களைப் பிரிக்கலாகாது என்னும் எச்சரிக்கையைப் பெயரே தந்துவிடுகிறது. அதே ஆண்டில் நீலகிரியின் வேறொரு சிறு தவளைக்கு அவர் சூட்டிய பெயர் ‘டின்னியன்ஸ்’. கணீரென ஒலிப்பது என்று பொருள். ஆண் தவளையின் அழைப்பொலி தன் சிற்றினத்துப் பெண்ணை ஈர்ப்பதற்கானது. ஆதலால் உருவத்தில் ஒத்த இரு தவளைகளையும் குரல் வேறுபடுத்திவிடுவதுண்டு. இன்று அவ்வொலியைப் பதிவு செய்து, அதன் அதிர்வெண்ணையும் கால இடைவெளியையும் அளந்து ஒப்பிடுகின்றனர்.

பழைய ஆய்வாளர்களுக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தவை புட்டிகளில் சாராயத்தில் இட்டுவைத்த உடல்களே. அவற்றில் எலும்பு நிலைக்கும், அளவு நிலைக்கும், நிறம் மங்கிப்போகும். உயிருள்ள கண்ணின் அழகும் எஞ்சாது. குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நீலகிரிக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுத்துச் செல்லும் தாழ்நிலம் இது. இதற்கு அப்பால் ஆனைமலையும் பழனிமலையும் எழுகின்றன. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் அமைந்தது. அத்தகைய குளிர்ந்த உயரங்களில் வாழப் பழகிய தவளைக்கு, வெப்பமான இத்தாழ்நிலம் கடலுக்கு நிகரான தடை. பறவை கடந்துவிடும், ஈரத்தோல் உலர்ந்தால் உயிரிழக்கும் தவளை என் செய்யும்?

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.டி. பிஜு, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் கிம் ரூலண்ட்ஸ், ஃபிராங்கி போசுயிட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தந்தது. மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, நீலகிரித் தவளை அதுவரை வைக்கப்பட்டிருந்த பேரினத்துக்கு உரியதன்று எனத் தெரிந்தது. எனவே ‘காடிக்சாலஸ்’ என்னும் புதிய பேரினம் அமைக்கப்பட்டது. பெயரின் முற்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறிக்கும் ‘காட்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. பழனிமலையில் வாழும் அதன் உறவுத் தவளையும் தனிச் சிற்றினம் என உறுதியாயிற்று. கண்ணின் கருவிழியைச் சூழ்ந்து விண்மீன்போல் விரியும் கோலம் அதற்கு உண்டு. ஆகவே ‘விண்மீன் கண்’ எனப் பொருள்படும் ‘ஆஸ்டெராப்ஸ்’ என்னும் பெயரைப் பெற்றது.

பெயர் பிரிந்ததும் பொறுப்பும் பிரிந்தது. இரண்டும் ஒன்றே என்று கருதினால், நீலகிரியில் ஓர் ஓடை வற்றினாலும் பழனிமலையில் அவ்வினம் பிழைத்திருக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். தனித்தனி எனில் அவ்வாறுதலுக்கு இடமில்லை. இத்தவளைகள் ஓடையோரத்தில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகின்றன. தலைப்பிரட்டைகள் ஓடும் நீரிலேயே வளர்கின்றன. முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளையாகவே வெளிவரும் புதர்த்தவளைகளைப் போலன்றி, இவற்றுக்குத் தூய ஓடை இன்றி வாழ்வில்லை. நீலகிரியிலோ சோலைகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களில் தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் பரவிவிட்டன. எஞ்சிய சோலைகள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கின்றன.

2015இல் ஆனைமலைப் பகுதியிலிருந்து இப்பேரினத்தின் மூன்றாம் சிற்றினம் விவரிக்கப்பட்டது. உடல் பெரிதாக இருந்தமையால் அதற்கு ‘மேக்னஸ்’ என்று பெயரிட்டனர். அதுவும் கணவாய்க்குத் தெற்கே வாழ்வதே. வடக்கே, நீலகிரியில், ஜெர்டன் பெயரிட்ட தவளை தனித்தே நிற்கிறது.