தாலி கட்டாவிட்டாலும் அப்பா அப்பாதான்!

'கல்யாணமே ஆகலை, எனக்கென்ன பொறுப்பு?' என்று ஓர் இளைஞர் கையை உதறிவிட முடியாது. பெற்றோருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும் தந்தையிடம் ஜீவனாம்சம் பெறக் குழந்தைக்கு உரிமை உண்டு. பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'வேலை இல்லை' என்ற சாக்கும் எளிதில் எடுபடாது. உழைக்கத் தெம்புள்ளவர் சம்பாதிக்கக் கூடியவரே என்பது நீதிமன்றங்களின் பார்வை. 'என் குழந்தையே இல்லை' என்று மறுத்தால், தேவைப்படும்போது நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிடலாம்.

சரி, அப்பாவுக்கு என்ன உரிமை? 1956-ம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டப்படி, இத்தகைய குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய். அவருக்குப் பிறகே தந்தை. குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டு அவர் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே எடை போடப்படுவது குழந்தையின் நலன் மட்டுமே.

ஒன்று கவனம்: பெண்ணுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால், அவர் சம்மதித்திருந்தாலும் போக்சோ சட்டம் பாயும்.