நீல ஆவணமும் நீண்ட பயணமும்

புலம்பெயர்ந்த தமிழர் மத்தியில் பயணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்தான் எஞ்சியிருக்கிறது. ஒன்று, நாட்டைவிட்டு வந்த பயணம். அதைக் கதையாகவும் கவிதையாகவும் நாம் நிறையவே எழுதிவிட்டோம். மற்றது, கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போய்வருவது. லண்டனில் மச்சாளின் கலியாணம், பாரிஸில் பெரியப்பாவின் அந்தியேட்டி என்று நாலு நாள் லீவில் ஓடிப்போய்த் திரும்புவது. இவற்றுக்கு அப்பால், சில மாதங்கள் வேலையை நிறுத்திவிட்டு, கையிலுள்ள சிறுதொகையுடன் உலகைச் சுற்றிப் பார்ப்பது எங்களுக்குரிய விடயமல்ல என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அது வெள்ளைக்காரப் பெடியங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்த எண்ணத்தை உருவாக்கியதில் எங்கள் மனப்பாங்குக்குப் பங்குண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு எங்களில் பலரின் கையிலுள்ள ஆவணத்துக்கு உண்டு. யேர்மனியில் அகதிகளுக்கான நீலநிறப் பயண ஆவணத்துடன் வசிப்பவன் என்ற வகையில், ஒன்பது மாதங்களுக்கான பயணமொன்றைக் குறைந்த செலவில் திட்டமிட முயன்றபோது நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். ரிக்கற் வாங்கும் உபாயங்களை மட்டும் சொல்வது எனது நோக்கமல்ல. திட்டமிடல் என்ற செயலே ஆவணத்துக்கு ஆவணம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதே நான் பேச விரும்பும் விடயம்.

ஆவணம் தருவதும் தராததும்

நாடற்றவருக்கு ஒரு பயணப் பத்திரம் என்ற கருத்து 1922 இல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையாளராக இருந்த நோர்வேஜியர் ஃபிரிற்யோவ் நான்சனின் பெயரால் அது நான்சன் பாஸ்போட் எனப்பட்டது. முதலில் ரஷ்ய அகதிகளுக்கும், 1924 இலிருந்து ஆர்மீனியருக்கும் வழங்கப்பட்டது. எங்கள் நீல ஆவணம் அதன் வாரிசு. 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் 28 ஆவது பிரிவும், அதன் இணைப்பும் இதற்கு அடிப்படை.

அந்த இணைப்பை எம்மில் பலர் வாசித்ததில்லை. வாசிக்க வேண்டும். அதன் 13 ஆவது பந்தி, ஆவணத்தை வழங்கிய நாடு, அது செல்லுபடியாகும் காலத்தில் எந்த வேளையிலும் அதை வைத்திருப்பவரைத் திரும்ப ஏற்கவேண்டும் என்கிறது. விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் திரும்பும் காலத்தைக் கட்டுப்படுத்தினாலும் அது மூன்று மாதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது திரும்பி வரும் உரிமை எழுத்தில் உண்டு. ஆனால் இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையை உடன்படிக்கை தரவில்லை. மற்ற நாடுகள் இந்த ஆவணத்தைச் செல்லுபடியானதென ஏற்கவேண்டும். விசா கொடுப்பதும் விடுவதும் அவர்களின் விருப்பம். வாசலுக்கு வர விட்டுவிட்டு உள்ளே விடுவதா என்பதை வீட்டுக்காரரிடம் விட்ட ஏற்பாடு இது.

ஐரோப்பாவுக்குள் ஒரு விலக்கு இருந்தது. 1959 இல் ஐரோப்பிய அவை நாடுகள் அகதிகளுக்கான விசாவை நீக்கும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. ஒரு நாட்டின் அகதி இன்னொரு நாட்டுக்கு மூன்று மாதம் வரை விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் 1986 இல் பிரான்சும், 2003 இல் பிரித்தானியாவும், 2022 யூலையில் அயர்லாந்தும் இதைத் தம்மளவில் இடைநிறுத்தின. எனவே பேர்லினில் உள்ள ஒரு தமிழர் நீல ஆவணத்துடன் லண்டனிலுள்ள அக்காவைப் பார்க்க விசா எடுக்கவேண்டும்.

தடைகளின் வரலாற்றில் நாங்கள்

விசாக் கட்டுப்பாடுகளை இயற்கையின் நியதிபோல ஏற்றுக்கொண்டு பேசுவது எங்களிடம் வழக்கம். அவற்றுக்குத் தேதி உண்டு; அந்தத் தேதிகளில் சில எங்களால் வந்தவை. 1985 மேயில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்கு அது விசா விதித்தது அதுவே முதற்தடவை. அதே ஆண்டு யூலையில், மேற்கு யேர்மன் விசா இல்லாத தமிழரை இடைத்தங்கலுக்கு அனுமதிப்பதைக் கிழக்கு யேர்மனி நிறுத்தியது. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்கு வந்தவர்களின் பாதை அத்துடன் அடைபட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரூவில் வந்திறங்கிய தமிழர்கள் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து ஓடுபாதையருகில் உடைகளைக் களைந்து நின்றார்கள். அந்த ஆண்டே விமானக் கொம்பனிகளைப் பொறுப்பாக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. சரியான பத்திரம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் கொம்பனி ஆயிரம் பவுண் கட்டவேண்டும் என்றானது.

இன்று எல்லை என்பது நாட்டின் விளிம்பில் இல்லை. அது புறப்படும் விமான நிலையத்தின் கவுண்டரில் இருக்கிறது. அங்கு நிற்கும் பிள்ளை குடிவரவு அதிகாரி அல்ல. ரிமாற்றிக் என்ற தகவல் தொகுப்பில் ஆவண வகையைத் தட்டிப் பார்க்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, கொம்பனி மீதான குறைந்தபட்ச அபராதம் 3000 யூரோவுக்கோ அல்லது உச்ச அபராதம் 5000 யூரோவுக்கோ குறையக்கூடாது. சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவளுக்குப் பாதுகாப்பு. பாஸ்போட்டில் நாட்டின் குறியீடு வரும் இடத்தில், சர்வதேச விதிப்படி, உடன்படிக்கை அகதிக்கு 'எக்ஸ் எக்ஸ் பி' என்று வரும். அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத் தயங்குபவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நாட்டின் தூதரகத்திடமும் 'இந்த ஆவணத்துக்கு விதி என்ன' என்று எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கொண்டுபோவது முதல் வேலை.

வட்டம் அல்ல, இதழ்கள்

மலிவாகப் பயணம் செய்பவரின் பெரிய முதல் காசு அல்ல. தீர்மானத்தைப் பிற்போடும் சுதந்திரம். நாளைக்கு எந்த பஸ் மலிவோ அதில் ஏறலாம். பிடித்த ஊரில் இன்னும் பத்து நாள் இருக்கலாம். விசா முறை கேட்பது இதற்கு நேரெதிரானது. வந்து போகும் தேதி, தங்குமிடம், திரும்பும் ரிக்கற், வங்கிக் கணக்கு எல்லாம் முன்கூட்டியே வேண்டும். அதனால்தான் ஏழை ஆவணம் வைத்திருப்பவருக்கு அதே பயணம் கூடிய செலவில் முடிகிறது. விசாக் கட்டணம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

உலகம் சுற்றும் ரிக்கற்றை எடுத்துக்கொள்வோம். விமானக் கூட்டமைப்புகள் விற்கும் இந்த ரிக்கற்றில் ஒரே திசையில் சென்று, அத்திலாந்திக்கையும் பசுபிக்கையும் ஒவ்வொரு தடவை கடந்து, ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும். கணக்குப் பார்த்தால் மலிவு. ஆனால் எங்களுக்கு இது பொருந்தாது. பெரும்பாலான தூதரகங்கள் தமது பகுதியில் வதிபவரின் விண்ணப்பத்தையே ஏற்கும். வழியில் நின்று அடுத்த நாட்டின் விசாவைக் கேட்க முடியாது. 2025 செப்ரெம்பரில் அமெரிக்காவும் பிரசாவுரிமையுள்ள நாட்டிலோ வதியும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கவேண்டும் என்று அறிவித்தது. புறப்பட முன்னர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், ஒரு தூதரகம் ஆவணத்தை வைத்திருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. நாலு தூதரகம், ஒவ்வொன்றிலும் மூன்று நாலு கிழமை என்றால், கடைசி விசா கிடைக்கும்போது முதல் விசா காலாவதியாகும் நிலைக்கு வந்துவிடும். யப்பானின் ஒருமுறை நுழையும் விசா, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டியது.

ஆகவே வட்டத்தை விட்டு, பூவின் இதழ்கள் போலத் திட்டமிடுவதே எங்களுக்கு உகந்தது. ஒவ்வொரு இதழும் ஆறு அல்லது எட்டுக் கிழமை. போய், திரும்பி வந்து, இரண்டு மூன்று கிழமை நின்று வேலை செய்து, அடுத்த விசாவை எடுத்துக்கொண்டு மறுபடி போவது. விமானச் செலவு கூடுவது உண்மை. ஆனால் வேறு வழிகளில் மிச்சம் வரும். யேர்மனியில் வருடத்துக்கு விற்கும் மலிவான பயண மருத்துவக் காப்புறுதிகள் வழமையாக ஒரு பயணத்துக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையையே உள்ளடக்கும். நீண்ட ஒரே பயணத்துக்கான காப்புறுதி பலமடங்கு விலை. ஒரு நாடு விசா மறுத்தாலும் ஒரு இதழ்தான் உதிரும். முழுப் பயணமும் குலையாது.

முதல் இதழ் காலடியிலேயே உண்டு. ஷெங்கன் நாடு ஒன்றின் வதிவிட அனுமதியுடன் ஏனைய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் விசா இல்லாமல் திரியலாம். 2025 யனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் மொத்தம் 29 நாடுகள். இன்ரறெயில் ரயில் பாஸுக்கு ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை, வதிவிடம் போதும். கவனிக்கவேண்டியது: மூன்று மாதப் பாஸ் சிலவேளை 92 நாட்கள் வரும், 90 நாள் விதிக்கு மாதக்கணக்கு தெரியாது.

இரண்டாவது இதழ் ஆசியா. யப்பான் விசா கிடைத்தால் அதை இதழின் தொடக்கத்தில் வையுங்கள். இந்தியாவின் இணையவழி விசா பாஸ்போட்டுக்கு மட்டுமே. பயண ஆவணத்துக்கு இல்லை. சென்னைக்குப் போவதாயினும் தூதரகம் வழியாகவே எடுக்கவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகத் தொடங்குவது நல்லது.

மூன்றாவது இதழ் தென் அமெரிக்கா. ரிக்கற் தேடும்போது அமெரிக்கா வழியாகப் போவது மலிவாகத் தெரியலாம். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும். விசா இல்லாமல் இடைமாறும் வசதியை அவர்கள் 2003 ஓகஸ்ரில் நிறுத்திவிட்டார்கள். மட்றிட்டிலிருந்தோ லிஸ்பனிலிருந்தோ நேரடியாகப் போவது பல யூரோ கூடினாலும் முடிவில் மலிவு. இதே காரணத்தால், வெவ்வேறு கொம்பனிகளின் இரண்டு மலிவு ரிக்கற்றுகளை ஒட்டிப் பயணம் செய்வதும் ஆபத்து. இடையில் பொதிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வெளியே வரவேண்டும். வெளியே வருவதென்றால் அந்த நாட்டு விசா. ஒரே ரிக்கற்றில் பொதி இறுதிவரை போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசைப் பற்றி ஒன்று. தூதரகங்கள் தொகையை மட்டும் பார்ப்பதில்லை, அது வந்த விதத்தையும் பார்க்கின்றன. விண்ணப்பத்துக்கு முதற்கிழமை சீட்டுக் காசு கணக்கில் விழுந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய காசு என்றே நினைப்பார்கள். சீட்டை ஆறு மாதம் முன்னரே எடுத்துவிடுங்கள்.

மணிக்கூடுகள்

நீண்டகாலம் வெளியே நிற்பதற்கு இன்னொரு தடை, வதிவிட உரிமையின் கால எல்லை. யேர்மனியில் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் வதிவிட உரிமை பொதுவாக அற்றுப்போகும். அங்கீகரிக்கப்பட்ட அகதிக்கு, யேர்மனி வழங்கிய ஆவணம் செல்லுபடியாகும் வரை அவ்வாறு அற்றுப்போகாது. சுவிற்சர்லாந்தின் 'சி' அனுமதி ஆறு மாதத்தில் முடிந்துவிடும். முன்கூட்டியே கேட்டால் நான்கு வருடம் வரை நிறுத்திவைக்கலாம். கனடாவின் நிரந்தர வதிவாளர் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கு நின்றிருக்க வேண்டும். போகுமுன் ஆவணத்தைப் புதுப்பிப்பது அவசியம். வெளிநாட்டில் தூதரகம் அதை நீடிக்கலாம் என உடன்படிக்கை கூறினாலும், அது ஆறு மாதத்துக்கு மேற்படாது. அதற்கான அதிகாரமும் எல்லாத் தூதரகத்துக்கும் இல்லை.

யாருடைய உலகம்

யேர்மன் பாஸ்போட் எடுத்த நண்பர் ஒருவருடன் இந்தத் திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே வயது, அதே சம்பளம், அதே நகரம். யப்பானுக்கு அவருக்கு விசா இல்லை. இந்தியாவுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கிறார். அவருக்குத் திட்டம் ஒரு மாலை நேர வேலை, எனக்கு ஒரு வருடம். 'நீயும் பாஸ்போட்டை எடன்' என்றார். 2024 யூனிலிருந்து யேர்மனியில் ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்கலாம், இரட்டைப் பிரசாவுரிமையும் உண்டு என்பதால் அவரின் ஆலோசனை நியாயமானது. எடுக்க விரும்புபவர் எடுக்கட்டும். அதைத் துரோகம் என்று பேசுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதைத் தீர்வு என்று சொல்வதுடனும் எனக்கு உடன்பாடில்லை. அது ஒருவர் வரிசை மாறி நிற்பது மட்டுமே. வரிசைகள் அப்படியே இருக்கும். நேர்காணல் ஒன்றில், அகதியாக இருந்துகொண்டு எதற்குச் சுற்றுலா என்று என்னிடம் கேட்டார்கள். அகதிக்குப் போவதற்குக் காரணம் ஒன்று இருக்கவேண்டும், அது துயரமானதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் 13 ஆவது பந்தியின் பிரதியைக் காட்டினேன். திரும்பமாட்டான் என்று அவர்கள் அஞ்சும் மனிதனின் ஆவணத்தில்தான், திரும்ப ஏற்பதாக ஒரு அரசின் உறுதி எழுதப்பட்டிருக்கிறது. அந்த விசா கிடைத்தது. எப்போதும் கிடைக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் இந்த வாதத்தை ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் இணைத்து வைப்பது பயனுள்ளது.

ஏ. கே. செட்டியார் காந்தி பற்றிய படத்துக்காக 1930களின் இறுதியில் கண்டங்களைச் சுற்றினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நூலும் எழுதினார். அதற்குப் பின் எங்கள் தலைமுறை அவரைவிடப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தும், உலகைப் பார்த்து எழுதியது குறைவு. விமான நிலையங்களையும் முகாம்களையும் பற்றி எழுதினோம். லீமாவின் சந்தையைப் பற்றியோ கியோத்தோவின் ஒழுங்கைகளைப் பற்றியோ எழுத, முதலில் அங்கு போகவேண்டும்.

எனது வரைபடத்தில் எந்த இதழும் தொடாத இடம் ஒன்றுண்டு. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியபோது பலர் மகிழ்ந்தார்கள். நீல ஆவணத்துக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. இலங்கைப் பாஸ்போட்டை எடுத்து அதில் ஏறினால், உடன்படிக்கையின் முதலாம் பிரிவின்படி அகதி அந்தஸ்தே கேள்விக்குள்ளாகும். அதைத் தவிர்த்து மீதி உலகைத் திட்டமிடுவது மனதுக்கு இலேசானதல்ல. ஆனால் ஓரிடத்துக்குப் போகமுடியாது என்பதற்காக எங்கும் போகாமல் இருப்பது, எங்களைத் துரத்தியவர்களின் வேலையை நாங்களே செய்து முடிப்பதாகும் என்று நினைக்கிறேன். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள், குறிப்பாகப் பிரான்சிலும் கனடாவிலும் இதே ஆவணத்துடன் பயணம் செய்தவர்கள், தமது அனுபவங்களை எழுதவேண்டும்.